மச்சான் கையைப் பார்த்து

அந்த மலை ரயிலில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இவருக்குப் பஞ்சு. இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு அடைத்திருப்பார். மலைக்காற்று உள்ளே போனால் மண்டைக் குத்தல் வரும் என்று மற்றவர்களும் குளிர்காலத்தில் வைப்பதுண்டு. இவர் கோடையிலும் வைத்தார்.

"வெயில்ல என்னத்துக்குய்யா பஞ்சு?" என்று யாராவது கேட்டால், "உன் பேச்சு உள்ளே போகாம இருக்கத்தான்" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பஞ்சை எடுத்தாலும் வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பது மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். அவருடைய மனைவி ஒருத்தி. மனைவியின் அண்ணன், அதாவது இவருடைய மச்சான், இன்னொருவர். மூன்றாவது ஆளுக்கும் தெரியும் என்பது இவருக்கே ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அவருடைய வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ரயிலில் நீராவி இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று, அவை சரிந்து வராதபடி தாங்கிப் பிடிக்கும். செங்குத்தான இடங்களில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய கம்பி ஒன்று ஓடும். இன்ஜினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொள்ளும். மொத்தம் நாலு பெட்டி. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மேடை, அதில் கையால் சுற்றும் பிரேக் சக்கரம். சக்கரத்துக்கு ஒருவராக நாலு பிரேக்காரர்கள்.

டிரைவர் ஒரு விசில் அடித்தால் பிரேக்கை இறுக்க வேண்டும். இரண்டு அடித்தால் தளர்த்த வேண்டும். மூன்று என்றால் பலம் கொண்ட மட்டும் இறுக்கி வண்டியை நிறுத்த வேண்டும். டிரைவருக்குப் பிரேக்காரர்கள் கண்ணில் படமாட்டார்கள்; இவர்களுக்கும் டிரைவர் தெரியமாட்டார். நடுவில் இருப்பது அந்த விசில் ஒன்றுதான்.

பஞ்சு மூன்றாம் பெட்டியின் பிரேக்காரர். அவருக்கு விசில் கேட்காது.

பிறவிக் கோளாறு ஒன்றும் இல்லை. ரயிலுக்கு வருவதற்கு முன் அவர் இன்ஜின் கொட்டகையில் வேலை பார்த்தார். பாய்லருக்குள் தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுவரில் சுண்ணாம்புப் பொருக்கு படியும். உள்ளே நுழைந்து சுத்தியலால் தட்டித்தான் அதை உதிர்க்க வேண்டும். நுழைகிற துவாரம் சின்னது. பஞ்சு ஒல்லி, அதனால் உள்ளே போனார். அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த மச்சான் தோள் அகன்ற ஆள். வெளியே உட்கார்ந்து விளக்குப் பிடித்தார், சுத்தியல் எடுத்துக் கொடுத்தார். அப்போது அவர் மச்சான் ஆகியிருக்கவில்லை. "உள்ளே போறவனுக்கு என் தங்கச்சியைத் தர்றேன்னு சொல்லித்தான் இவனை உள்ளே அனுப்புனேன்" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லுவார். கல்யாணம் நடந்தது உண்மை. மற்றது கதை.

இரும்புப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு வருஷக்கணக்காகச் சுத்தியல் அடித்தால் காது என்ன ஆகும்? முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். பறவைச் சத்தம் போயிற்று. மனைவியின் வளையல் சத்தம் போயிற்று. ரயிலின் உறுமலும் மச்சானின் கட்டைக் குரலும் நன்றாகவே கேட்டன. அதனால் தன் காதுக்கு ஒன்றுமில்லை என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் இறக்கத்தில் விசிலும் போயிற்று.

அன்று தூறல். நீளச் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் டிரைவர் ஒரு விசில் அடித்திருக்கிறார். மற்ற மூன்று பேரும் சுற்றினார்கள். பஞ்சு நனைந்த பாறையைப் பார்த்தபடி சும்மா நின்றிருந்தார். மூன்றாம் பெட்டி முன்னால் இருந்த நாலாம் பெட்டியைப் போய் இடித்தது. பல்கம்பியில் கடகடவென்று ஓர் அதிர்ச்சி. உள்ளே பரணிலிருந்து யாருடைய பையோ விழுந்தது. இரண்டாம் பெட்டியின் மேடையில் நின்ற மச்சான் காலை நீட்டி இவர் முழங்காலில் ஒரு உதை விட்டார்.

அந்த உதை எட்டியதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் பெட்டியை யாரோ எப்போதோ திருப்பிக் கோத்துவிட்டிருந்தார்கள். அதனால் இரண்டாம் பெட்டியின் மேடையும் மூன்றாம் பெட்டியின் மேடையும் எதிரெதிரே வந்தன. மற்ற பிரேக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் தனியாக நிற்க, இவர்கள் இருவர் மட்டும் கைநீட்டும் தூரத்தில் முகம் பார்த்து நின்றார்கள்.

இன்ஜின் தண்ணீர் பிடிக்கிற நிறுத்தத்தில் மச்சான் இவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"விசில் கேக்கலையா மாப்ளே?"

"பஞ்சு வெச்சிருந்தேன்ல."

"நானுந்தான் வெச்சிருக்கேன். எடு அதை."

எடுத்தார். மச்சான் அவருக்குப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சரி, என்ன பண்ணப் போறே? சீக்கிரம் ஆரம்பி" என்றார் பஞ்சு.

பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். மச்சான் கையில் சாவிக்கொத்து இருந்தது. அதைப் பஞ்சுவின் காதோரம் பிடித்துக் குலுக்கி முடித்துவிட்டிருந்தார்.

"ஆபீஸ்ல சொல்லிடு மாப்ளே."

"சொன்னா லக்கேஜ் ரூம்ல தூக்கிப் போட்டுருவாங்க. பெட்டி படுக்கையை எடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா? சளிதான் அடைச்சிருக்கு. டவுன்ல ஒரு டாக்டர் இருக்காராம். ஆறு மாசம் பொறு மச்சான்."

"சளியா?"

"சளிதான்."

மச்சான் இன்ஜின் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பாய்லருக்குள்ள நான் நுழைஞ்சிருந்தா இது என் காதா இருந்திருக்கும். சரி, என் கையைப் பாத்துக்கோ. நான் சுத்தினா நீயும் சுத்து. நான் தலையைச் சொறிஞ்சா நீயும் சொறியாதே."

பஞ்சு டவுனுக்குப் போனார். டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்றார். பஞ்சு திரும்பி வந்து, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்று மச்சானிடம் சொன்னார். மருந்துக்கடையில் ஒரு சின்னப் புட்டியும் வாங்கி வைத்துக்கொண்டார். மச்சான் இரண்டு மூன்று முறை, "எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். "பரவாயில்லை" என்றார் இவர். அதற்குப் பிறகு மச்சான் விசாரிக்கவில்லை.

ஆறு மாசம் அப்படியே வருஷங்களாக நீண்டது.

வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. மச்சானின் கை அசைந்த மறுகணம் இவர் கை அசையும். ஏறும்போது, இறங்கும்போது, மூடுபனியில், மழையில், கண் மச்சானின் மணிக்கட்டை விட்டு நகராது. பனி அடர்த்தியாக இறங்கினால் மச்சான் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார், வெற்றுக் கை நன்றாகத் தெரியட்டும் என்று. சுரங்கத்துக்குள் இருட்டில் காலை நீட்டி இவர் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வார். ஒரு மிதி என்றால் இறுக்கு. இரண்டு மிதி என்றால் தளர்த்து.

முதல் பெட்டியின் மேடையில் கொடி பிடித்து நிற்கிறவரைக் கொடிக்காரர் என்பார்கள். வாய் நீளம். "மாமன் மச்சான் ரெண்டு பேரும் நாள் பூரா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, பொண்டாட்டிங்க சண்டைக்கு வரமாட்டாங்களா?" என்பார். மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் பஞ்சுவும் லீவு போடுவார். "ஒருத்தன் தும்மினா இன்னொருத்தனுக்கு மூக்கு ஒழுகுது" என்று அதற்கும் ஒரு கேலி. ஒரு மழைக்காலம் பஞ்சுவிடம் லீவு மிச்சமில்லாமல் போயிற்று. மச்சான் காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சக்கரத்தைப் பிடித்து நின்றார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கை மட்டும் நடுங்கவில்லை.

சில வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை வரும். கண்ணுக்கு எழுத்துப் பலகை. காதுக்கு, டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுவென்று ஓர் எண்ணைச் சொல்லுவார், திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பஞ்சுவின் முறை வந்தபோது மச்சான் அடுத்த ஆளாக எதிரே வரிசையில் நின்றார். டாக்டர் நாற்பத்தேழு என்றார். மச்சான் நாலு விரலால் நெற்றியைச் சொறிந்தார். ஏழுக்கு இன்னொரு கையும் வேண்டுமே. அந்தக் கையில் தொப்பியும் சட்டையும் இருந்தன. ஐந்து விரலால் தாடையைத் தடவிவிட்டுத் தவித்தார்.

"நாப்பத்தஞ்சு... அதுக்கு மேல" என்றார் பஞ்சு.

டாக்டருக்குச் சாப்பாட்டு நேரம். "பக்கத்துல வந்துட்டே, போ" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "அதுக்கு மேலன்னு என்னடா கணக்கு?" என்று மச்சான் நின்று நின்று சிரித்தார். பிற்காலத்தில் பஞ்சு இதை யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

இதற்கிடையில் கார்டு வேலை ஒன்று காலியாயிற்று. பிரேக்காரர்களில் சீனியருக்குத்தான் முதலில் கிடைக்கும். கொட்டகையிலிருந்து வண்டிக்குப் பஞ்சுவுக்கு முன்னால் வந்தவர் என்பதால் சீனியர் மச்சான். கார்டு என்றால் தனி அறை, நல்ல கோட்டு. அதைவிட முக்கியம், வீடு அடிவாரத்தில். மலைமேல் ஊழியர் குடியிருப்பில் சுவர் எந்நாளும் ஈரம். துவைத்த துணி காயாது. மச்சானின் மனைவிக்கு மூச்சிழைப்பு. குளிர்காலம் முழுக்கத் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். கீழே போய்விட்டால் பாதி நோய் தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மச்சான் அந்த வேலைக்கு மனுப் போடவில்லை.

"உன் மச்சான் ஏன்யா போடலை? அவன் பேரைத்தான் எல்லாரும் எதிர்பாத்தோம்" என்று கொடிக்காரர் பஞ்சுவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? அவனுக்குக் காத்தாட நிக்கறது பிடிச்சிருக்கு போல" என்றார் பஞ்சு.

சொல்லிவிட்டு மூன்றாம் பெட்டியின் மேடையில் ஏறிக்கொண்டார். எதிரே மச்சான். வண்டி கிளம்பியது. அன்றைக்கும் மறுநாளும் அந்த மாசம் முழுவதும் மச்சானின் முகம் அவருக்குக் கைநீட்டும் தூரத்தில்தான் இருந்தது. "ஏன் போடலை?" என்பது இரண்டே சொல். அந்தச் சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. கேட்டால் மச்சான் ஏதாவது சொல்லுவார். சொன்னால் அதற்கு இவர் ஏதாவது செய்தாக வேண்டும். பஞ்சு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வேலை கொடிக்காரருக்குப் போயிற்று. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு அடிவாரத்துக்குக் குடி போனார்.

வருஷங்கள் கழித்து இன்னொரு கார்டு வேலை வந்தது. மச்சானின் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கும் அவர் மனுப் போடவில்லை. இது தெரிந்த பிறகும் பஞ்சு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மச்சானின் மனைவி தனியாக இவர்கள் வீட்டுக்கு வந்தாள். வாசல் படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. பஞ்சுவின் மனைவி அவளை அடுப்படியில் முக்காலி போட்டு உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தாள். பஞ்சு கதவோரம் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மச்சானின் மனைவிக்குக் கீச்சுக் குரல். அந்தக் குரல் பஞ்சுவுக்குக் கேட்டு ரொம்பக் காலம் ஆயிற்று. அவள் வந்தால் வாய் அசைவதைப் பார்த்துத் தலையாட்டுவார். முக்கியமான விஷயமாக இருந்தால் மனைவி கட்டைக் குரலில் திருப்பிச் சொல்லுவாள். கத்துவதால் பயனில்லை, குரலைத் தாழ்த்தினால்தான் கேட்கும் என்பதை மனைவி தானாகவே கண்டுபிடித்துப் பழகியிருந்தாள்.

அன்று மச்சானின் மனைவி நிறையப் பேசினாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். மனைவியின் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பஞ்சு கவனித்தார்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்லைங்க. உடம்பு சரியில்லையாம்."

மச்சானின் மனைவி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கறா. ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்கறா."

"சொல்லேன்."

"'அண்ணே, உங்களுக்குக் காது போனது எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும். வீட்டுல அவர் தூக்கத்துலகூடக் காலால ஒரு மிதி ரெண்டு மிதின்னு மிதிப்பார். என்னன்னு கேட்டேன், சொன்னார். அதுக்காக உங்கமேல எனக்குக் கோபமில்லை. காது போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.'"

மனைவி நிறுத்தினாள். அவள் அண்ணி மூச்சை இழுத்துவிட்டு மேலே சொன்னாள். மனைவி தயங்கித் தயங்கித் திருப்பிச் சொன்னாள்.

"'ரெண்டு தடவை வேலை வந்துச்சு. ரெண்டு தடவையும் அவர் போகலை. ஏன்னு ஒரு வார்த்தை, இத்தனை வருஷத்துல, நீங்க கேக்கவே இல்லையே அண்ணே.'"

பஞ்சு பூட்ஸைக் கீழே வைத்தார். "எப்படிம்மா கேக்கும்?" என்றார் பரிதாபமாக. "எனக்குத்தான் காது போச்சே, உனக்கே தெரியும்னு சொல்றியே."

பிறகு மனைவி சொன்னாள், யாருடைய பேச்சையும் திருப்பிச் சொல்லாமல், தன் பேச்சாக:

"அந்தக் கேக்கறது இல்லைங்க. வாயைத் தொறந்து கேக்கறது."

பஞ்சுவுக்கு அன்றைக்கு அது நன்றாகவே கேட்டது. மச்சானின் மனைவி வெந்நீரை முழுக்கக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது, "வர்றேண்ணே" என்று சொல்லியிருப்பாள். உதடு அப்படித்தான் அசைந்தது.

மறுநாள் காலையில் அவர் பெட்டிமேடைக்குப் போகவில்லை. மேலதிகாரியின் அறைக்குப் போனார். பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எனக்கு விசில் கேக்காதுங்க ஐயா" என்றார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எப்பேர்ந்து?"

"ரொம்ப நாளாவே."

"ரொம்ப நாளாவா? அப்ப எப்படிய்யா பிரேக் போட்டே?"

மச்சானின் பெயரை மட்டும் பஞ்சு எடுக்கவில்லை. கண்ணால் பார்த்துச் சமாளித்தேன் என்று மழுப்பினார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, வண்டியில் ஏறிய அத்தனை ஜனங்களையும் நினைத்தோ என்னவோ, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். திட்டவில்லை. அந்த நிமிஷமே பஞ்சுவை வண்டியிலிருந்து எடுத்தார்.

"ஐயா, அந்தக் கார்டு வேலைக்கு என் மச்சான்..." என்று பஞ்சு ஆரம்பித்தார்.

"அவர் மனுவே போடலையேப்பா. நாள் முடிஞ்சுபோச்சு. அடுத்த தடவை வர்றப்ப அவருக்கு வயசு தாண்டியிருக்கும்."

சாயந்தரம் வண்டி மேலே வந்து நின்றது. மூன்றாம் பெட்டியில் புது ஆள். மச்சான் கையைக்கூடக் கழுவாமல் நேராக லக்கேஜ் அறைக்கு வந்தார். பஞ்சு தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டுக்கிட்டுப் போய்ச் சொன்னே?"

"உனக்காகத்தான் மச்சான்..."

"எனக்காகவா?" மச்சான் ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "முதல் தடவை வந்தப்ப சொல்லியிருந்தா அது எனக்காக. இல்லே, கடைசிவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, போகட்டும், மாப்ளேக்கு ஒரு வழி பண்ணினோம்னு நான் நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப என்ன ஆச்சு? நானும் போகலை, நீயும் வண்டியில இல்லை. இவ்வளவு நாள் நான் நின்னது எதுக்குடா?"

மச்சான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்றும் கிடையாது. நல்லது கெட்டதுக்கு மச்சான் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தங்கையோடு பேசினார். பஞ்சுவோடும் பேசினார். ஆனால் கேலி நின்றுபோயிற்று. பஞ்சு லக்கேஜ் அறையில் பெட்டிகளை எடை போட்டார், சீட்டு ஒட்டினார். தினமும் வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஏதாவது ஒரு பெட்டியைக் குனிந்து நகர்த்திக்கொண்டிருப்பார். இன்ஜினின் பெருமூச்சு தரை வழியாகப் பாதத்தில் ஏறும். அது தேய்ந்து அடங்கிய பிறகுதான் நிமிருவார். மச்சானின் மனைவிக்கு அதற்கடுத்த இரண்டு குளிர்காலமும் மோசமாகப் போயின. ஒரு தடவை கீழே ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில்தான் கொண்டுபோனார்கள். வண்டியை நடுவழியில் யாரும் வேகப்படுத்த முடியாது. அது போகிற வேகத்தில்தான் போகும். மச்சான் தன் மேடையில் நின்று பிரேக் பிடித்துக்கொண்டே, கதவு வழியாக அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாராம். இதைப் புது ஆள் சொல்லித்தான் பஞ்சு அறிந்தார்.

பஞ்சு ஓய்வு பெற்றபோது குடும்பத்தோடு போய்வர ஓர் இலவசப் பாஸ் கொடுத்தார்கள். அவருக்கு ஆசை இல்லை. மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள்.

"ரயில்காரன் பொண்டாட்டின்னு பேரு. ஜன்னல் ஓரமா உக்காந்து ஒரு தடவை நிம்மதியாப் போனதில்லை. இப்பவும் கூட்டிட்டுப் போகலேன்னா எப்பங்க?"

மச்சானுக்கு வேலையில் இன்னும் சில மாசம் மிச்சம் இருந்தது. இரண்டாம் பெட்டிதான். மனைவி அண்ணனின் பெட்டியில்தான் ஏறுவேன் என்றாள். கீழே இறங்குகிற வண்டி. மேடைக்குப் போகிற கதவை ஒட்டிய கடைசி இருக்கையில் இடம் கிடைத்தது. மனைவி ஜன்னலோரம், பஞ்சு கதவோரம். கதவு திறந்திருந்தது. மச்சான் பள்ளத்தைப் பார்த்து நின்றிருந்தார். இத்தனை வருஷம் பஞ்சு பார்த்தது அவர் முகத்தையும் கையையும். முதுகைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தோள் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. சக்கரம் சுற்றிச் சுற்றி அப்படி ஆகியிருக்க வேண்டும்.

வண்டி கிளம்பியது. பெட்டி முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள். வளைவுக்கு வளைவு எழுந்து நின்று ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டினார்கள். கரிப்புகை உள்ளே வந்தால் இருமிக்கொண்டே சிரித்தார்கள். பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஒருசேர வாயைத் திறந்தார்கள். கத்துகிறார்கள் என்று பஞ்சு புரிந்துகொண்டார்.

மனைவி அவர் தொடையில் தட்டி, காதோரம் குனிந்து கட்டைக் குரலில் சொன்னாள். "அங்க பாருங்க! எவ்வளவு பெரிய அருவி! தினமும் இதைப் பாத்துக்கிட்டுப் போயிருக்கீங்க, வீட்டுல ஒரு நாளாவது வாயைத் தொறந்து சொன்னீங்களா?"

பஞ்சு எட்டிப் பார்த்தார். பாறை முழுக்க வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் பிடரியில் சாரல் தெறிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் ஏதோ தண்ணீர் என்று நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்ததில்லை, பார்த்தால் மச்சானின் கை தப்பிவிடும்.

"பெருசுதான்" என்றார்.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் மனைவியிடம், "கொடுத்து வெச்சவங்க நீங்க, சும்மாவே போய்வரலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மனைவி பூரித்துப்போய் அவளோடு பேச்சில் இறங்கிவிட்டாள். பஞ்சு கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் குனிந்தார்.

"மச்சான்."

மச்சான் திரும்பவில்லை. இறக்கத்தில் பிரேக்காரன் திரும்பக் கூடாது. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தார், கேட்கிறேன் என்பதுபோல.

"கார்டு வேலைக்கு நீ ஏன் போகலை?"

கேட்டுவிட்டார். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தால், பாலத்தின் ஒரு தூணைத் தாண்டுகிற நேரம்கூட ஆகவில்லை.

மச்சானின் தாடை அசைந்தது. பஞ்சுவுக்குப் பின்பக்கமிருந்து தெரிந்தது அந்தத் தாடையின் ஓரமும் காதுக்குக் கீழே ஒரு நரம்பும்தான். மச்சான் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில், எதிரே உட்கார்ந்து பேசினால் அந்தக் குரல் பஞ்சுவுக்குப் பிடிபடும். இங்கே சக்கரங்களின் இரைச்சலும் பல்கம்பியின் கடகடப்பும் அதை விழுங்கிவிட்டன. ஒரு வார்த்தை, இன்னொரு வார்த்தையின் வால், அவ்வளவுதான் வந்தன. பஞ்சு இன்னும் குனிந்தார். மச்சான் நிறுத்தவில்லை. ஒரு கையை எடுத்து விரித்துக் காட்டினார், மறுபடி சக்கரத்தில் வைத்தார். ஒரு வளைவு போய் அடுத்த வளைவும் போயிற்று. அத்தனை நீளமாக மச்சான் பேசி பஞ்சு பார்த்ததே இல்லை. கடைசியில் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது விசில் அடித்திருக்க வேண்டும். மச்சான் சக்கரத்தை இறுக்கினார்.

பஞ்சு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் எதிர் இருக்கை அம்மாளின் குழந்தைக்கு ஜன்னல் வழியாக எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது.

தண்ணீர் பிடிக்கிற நிறுத்தத்தில் வண்டி நின்றது. மச்சான் குதித்து இறங்கினார். கழிவுத் துணியால் கையைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் வந்து தங்கையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பஞ்சு நின்றிருந்த கதவுக்குக் கீழே வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது. லக்கேஜ் அறைக்கு வந்துபோன அந்தச் சாயந்தரத்துக்குப் பிறகு பஞ்சு அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுதா மாப்ளே?"

இன்னொரு தடவை சொல்லு மச்சான், இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு என்று பஞ்சு சொல்லியிருக்கலாம். மச்சான் துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு காத்திருந்தார். முகத்துக்கு நேரே நின்று சொல்லக்கூடியதாக இருந்தால் அவர் எப்போதோ சொல்லியிருப்பார்.

"கேட்டுது" என்றார் பஞ்சு.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மச்சான் பிரேக் கட்டைகளைத் தொட்டுச் சூடு பார்க்கப் போனார். பஞ்சு கதவிலேயே நின்று, அவர் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து குனிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.